அறுபது ராஸ்பெரிக் குச்சிகள்

தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வயது ஐம்பத்திரண்டு ஆகியும் அக்காவுக்கு அவன் தம்பிதான், தெருவுக்கும் தம்பிதான். செடியைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தோட்டம் அக்காவின் ராஜ்ஜியம். இருவரும் கல்யாணப் பேச்சே எடுக்காமல், ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே வயதானவர்கள்.

உடம்பு முடியாமல் அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மருந்தின் வேகத்தில் அவள் நாக்கு செத்துப்போனது. எதைக் கொடுத்தாலும், "மரத்தூள் மாதிரி இருக்குடா" என்றாள். கடை ராஸ்பெரியையும் கடித்துத் துப்பினாள்.

"நம்ம செடிப் பழம்னா ஒரு வாய் சாப்பிடுவேன். அந்தப் புளிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு."

அன்றைக்கே டாக்டர் அவனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கோடைக்கு மூன்று மாதம் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். பாசம் பொங்கிவிட்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டிலிருக்கும் ஐந்து ராஸ்பெரிச் செடியில் என்ன பெரிதாகக் காய்த்துவிடும், அக்காவுக்குக் கூடை கூடையாக வேண்டாமா என்று தோன்றிவிட்டது. கொல்லையில் இலையுதிர்ந்து நின்ற தண்டுகளை ஒன்று விடாமல் ஒட்ட வெட்டினான். சாண் சாணாக நறுக்கி அறுபது தொட்டிகளில் நட்டான். ரோஜாக் குச்சி பிழைக்கவில்லையா, இது மட்டும் பிழைக்காதா என்பது அவன் கட்சி.

குச்சிகள் துளிர்க்கவும் செய்தன. அக்காவிடம் மூச்சு விடவில்லை. வந்து பார்த்து அசரட்டும் என்றிருந்தான். அவள் வீடு திரும்ப ஐந்து நாள் இருக்கும்போது துளிர்கள் சுருண்டன. தண்ணீர் ஊற்றினான். நிழலுக்கு மாற்றினான், மறுபடி வெயிலுக்கு மாற்றினான். கடைசியில் ஒரு குச்சியைப் பிடுங்கினான். நட்டபோது இருந்ததைப் போலவே மொட்டையாக வந்தது. அப்புறம் கை நிற்கவில்லை, அறுபதையும் பிடுங்கிவிட்டான். ஒன்றிலும் நூலளவு வேர் இல்லை.

இரண்டு குச்சிகளோடு செடி விற்கிற அம்மாளிடம் ஓடினான்.

"இது குச்சியில வராது சார். தண்டுல மிச்சமிருந்த சத்துல துளிர்த்திருக்கு, அவ்வளவுதான். மண்ணுக்குள்ள வேர்லேர்ந்து பக்கக்கன்னு வரும், அதை வேரோட தோண்டி நடணும்."

"பழைய செடியாவது இந்தக் கோடையில காய்க்குமா?"

"முதல் வருஷம் வளர்ற தண்டுதான் அடுத்த வருஷம் காய்க்கும். நீங்க அதைத்தான் வெட்டிட்டீங்க. வேர் உயிரோட இருக்கும், கவலைப்படாதீங்க. அடுத்த வருஷம் காய்க்கும்."

கவலைப்படக் கூடாதாம்! தம்பி கடை வாசலிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த அக்கா, சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே கொல்லைக்குத்தான் போனாள்.

"எங்கடா என் செடி?"

எல்லாவற்றையும் சொன்னான். நாலு திட்டு விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அறுபதா! அட முட்டாப் பயலே. சரி விடு. அதோ பாரு, மூணு பக்கக்கன்னு எட்டிப் பாக்குது. மண்வெட்டி எடுத்து வேர் அறாம தோண்டி, அந்த ஓரமா நடு. அடுத்த வருஷம் கூடை கூடையா சாப்பிடலாம்."

முதல் கன்றைத் தோண்டிக் கையில் எடுத்தபோதே அவனுக்குத் தேம்பல் வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. மண்ணில் மண்டியிட்டு வாய்விட்டு அழுதான்.

"ஒரு வருஷம்தானேடா? ஒரு செடிக்குப் போயா இப்படி அழுவாங்க?"

அவன் அழுகை கூடியது. அக்காவின் சிரிப்பு மெல்ல நின்றது. கவிழ்த்து வைத்திருந்த தொட்டியொன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்து பார்த்தான். சொன்னான்.

அக்கா அவன் கையிலிருந்த கன்றைப் பார்த்தாள்.

"கன்னை மண்ணுல வைடா," என்றாள். "வேர் காயுது."