இரண்டாம் பாகத்துக்கு முத்திரை

என் அண்ணன் டயர் வியாபாரி. சட்டம் என்றால் அவனுக்கு வருமான வரிக்காரர் கடை வாசலில் வந்து நிற்பதுதான். அப்படிப்பட்டவன் கூடத்தில் கண்ணாடி அலமாரி போட்டு, பூட்டும் போட்டு, சட்டமும் நீதித் தத்துவமும் பேசுகிற பழைய புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறான். வருகிறவர்களிடம் தோல் அட்டையைத் தடவித் தடவிக் காட்டுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான்.

அத்தனையும் அப்பா சேர்த்தவை. அப்பா வக்கீல், நானும் வக்கீல். புத்தகங்கள் எனக்குத்தான் என்று வாய் நிறையச் சொன்னாரே தவிர எழுதி வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் உயில் எழுதிக் கொடுத்த மனுஷன்! அவர் கண்ணை மூடிய கொஞ்ச நாளில் நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் வேன் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். அப்பா ஓரத்தில் குறிப்பு எழுதிய பக்கங்களையாவது பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் கெஞ்சினேன்.

“அப்பா கிறுக்கினதை வச்சு என்ன பண்ணப்போறே பாப்பா? பிள்ளையைப் பாரு” என்றான்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. என் வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு புத்தகம் அவனிடம் சிக்கவில்லை. நான்கு பாகங்களாக வந்த நீதித் தத்துவ நூல், முதல் பதிப்பு. அதில் தண்டனையைப் பற்றிப் பேசும் இரண்டாம் பாகம் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அது இல்லாமல் மற்ற மூன்றும் பல் போன வாய்தான். பழம்புத்தகம் சேர்க்கிற அவன் சிநேகிதர்கள் அதைச் சொல்லியே கேலி செய்கிறார்களாம், தூக்கத்தில்கூடப் புலம்புகிறானாம். அண்ணி சொன்னாள். கேட்டபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன வாரம் அவனே வீடு தேடி வந்தான். கேட்ட விலை தருவதாகக் குழைந்தான். உட்காரக்கூடச் சொல்லாமல், வெள்ளிக்கிழமை சட்டக் கல்லூரி நூலகத்துக்கு வா, புத்தகம் அங்கே இருக்கும் என்றேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

வந்தான். புத்தகத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பட்டுத் துணி வேறு கொண்டுவந்திருந்தான். நூலகர் அம்மாளின் மேசையில் புத்தகம் இருந்தது, பக்கத்தில் மைப் பெட்டியும் ரப்பர் முத்திரையும். நான் நன்கொடைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நூலக முத்திரை விழுந்த புத்தகத்தைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள். கறை பட்டது என்று எத்தனையோ புத்தகங்களைத் திருப்பி அனுப்பியவன் அவன்.

“விளையாடாதே பாப்பா. எவ்வளவு வேணும்னு சொல்லு.”

“கிறுக்கின புத்தகம்தானேண்ணா. அதை வச்சு நீ என்ன பண்ணப்போறே?”

முதல் குத்து தலைப்புப் பக்கத்தில் விழுந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எனக்கு இனித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் வந்தாலும் இரண்டாவது முத்திரை ஐம்பத்தொன்றாம் பக்கத்தில்தான். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. அம்மாள் புரட்டினார். தண்டனை பழிவாங்குவதாக இருக்கக் கூடாது என்று நூலாசிரியர் வாதாடும் பக்கம். குத்துவதற்கு இடம் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. அங்கே அப்பா பென்சிலில் எழுதியிருந்தார்: ‘சரிதான். ஆனால் மனம் ஆறுமா?’

அம்மாள் முத்திரையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். அண்ணனும் எட்டிப் பார்த்துவிட்டான்.

“அங்க மட்டும் வேண்டாம் பாப்பா. அப்பா எழுத்து.” அவன் குரல் உடைந்திருந்தது. “புத்தகம் இங்கயே இருக்கட்டும், நான் கேக்கவே மாட்டேன். அதை மட்டும் விட்டுடச் சொல்லு.”

அன்றைக்குக் கிறுக்கல், இன்றைக்கு அப்பா எழுத்தா?

“குத்துங்கம்மா” என்றேன்.

குத்தினார். நீல மை அப்பாவின் கேள்விமேல் வட்டமாக உட்கார்ந்தது. அண்ணன் பட்டுத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

மை காயும்வரை நான் அந்தப் பக்கத்தின் அருகிலேயே நின்றேன். ஆறிவிட்டது அப்பா என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன். வாயில் வரவில்லை.