கட்டைவிரல் படாமல்

பூட்டு ரிப்பேர்க்காரரின் மனைவி அரையாண்டு லீவில் இறந்துபோய், முழுப்பரீட்சை ரிசல்ட் வரும்வரை உயிரோடு இருந்தாள். காரணம், மகளின் வலது கட்டைவிரல். வயிற்றுக் கட்டியை ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு காலையில் மூச்சு விட்டுவிட்டு வந்து நின்றே போனபோது, பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்த மகள் பயத்தில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். யாரும் சொல்லித் தராதவர்கள் பிடிப்பதுபோல, கட்டைவிரலை அழுத்தி. நாடி துடித்தது. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள், துடித்தது. அம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். "எடுக்காதே" என்றார் அப்பா. அவள் எடுக்கவில்லை.

அப்பா கைவேலை தெரிந்த மனிதர். கட்டிலுக்குச் சக்கரம் மாட்டினார், மகள் போகிற இடத்துக்கெல்லாம் அம்மாவும் வருவதற்கு. தூக்கத்தில் கை நழுவிவிடக் கூடாது என்று பித்தளையில் ஒரு வளையம் செய்து, உள்ளே துணி வைத்துத் தைத்து, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. மகள் இடது கையால் சாப்பிடக் கற்றாள், இடது கையால் அம்மாவைப் புரட்டிப்போட்டு முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கக் கற்றாள், மலம் மூத்திரம் துடைக்கக் கற்றாள். பரீட்சைக்கும் அம்மா கட்டிலோடு வந்தாள். மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் கட்டிலைக் கடைசி வரிசையில் போடச் சொல்லிவிட்டு, நோயாளி விடை ஏதும் சொல்லிக் கொடுத்துவிடுவாளோ என்று மூன்று மணி நேரமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வலியில் பல் கிட்டிப்போயிருந்தது. அதனால் பிரச்சினை ஒன்றும் வரவில்லை.

கட்டு மாற்ற வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வருவாள். வாய் கொஞ்சம் நீளம். கணக்குப் பரீட்சை அன்று அம்மாவின் இதயம் ஏன் அப்படி அடித்துக்கொண்டது, மகள் தொடர்கதை படிக்கும்போது அம்மாவின் கன்னம் ஏன் சிவக்கிறது, பெண்ணின் தலை ஏன் பாதி நரைத்துவிட்டது என்று அப்பா அவளிடம் கேட்டார். நர்ஸ் வளையத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது, அதற்குள் ஒரு துடிப்பு இருக்கிறது, பார்க்கிறவளின் நாடி அவளுக்கே கேட்கும், இது முதல் வருஷத்து முதல் பாடம் என்றாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்டம்மா எப்பவோ போயாச்சுங்க. இப்ப ஓடிட்டு இருக்கறது உங்க பொண்ணு." அப்பா அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

ரிசல்ட் வந்தது. மகள் பாஸ். பார்க்க வந்த அத்தை அடுத்து என்ன என்று கேட்டாள். நர்சிங் என்றாள் மகள். ஊரான் மூத்திரம் அள்ளவா படித்தாய் என்று அத்தை மூக்கைச் சுளிக்க, "அள்ளிப் பழகிடுச்சு அத்தை" என்றாள். அப்பா சத்தம் போடவில்லை. கட்டிலைக் காட்டி, இவளை அப்போது யார் பிடித்துக்கொள்வது என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் சாவியை இடுப்பில் தொட்டுப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அத்தையும் எழுந்து போனாள்.

அம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். ஹேர்பின் வழுக்கியதில் வளையத்தின் மேல் நாலைந்து கீறல் விழுந்தது. பிறகு பூட்டு திறந்துகொண்டது. "பூட்டுக்காரன் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா? இத்தனை நாள் உனக்காகத்தான் பொறுத்துட்டு இருந்தேன். விடுடி. உன் படபடப்பு எனக்குத் தாங்கல." மகள் அழுதாள், முடியாது என்றாள். அப்படியானால் அந்த நர்ஸ் சொன்ன மாதிரியாவது பிடி என்றாள் அம்மா. மகள் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு மூன்று விரலை வைத்தாள். விரல்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எப்போதோ இல்லாமல் போயிருந்தது.

மத்தியானம் வந்த அப்பா வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளை ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அவளோடு பேசவும் இல்லை. நர்சிங் பள்ளிக்கு அவள் தனியாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நேர்காணலில் தலைக்கு ஏன் டை அடிக்கவில்லை என்று கேட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்கவில்லை. அவள் படித்து முடித்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், லீவுக்கு வந்து சமைத்துப்போட்டுவிட்டுப் போனாள். அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். வருஷங்கள் அப்படிப் போயின. வார்டில் அவளுக்கென்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. போகிற நிலையில் இருப்பவர்களிடம் "யார் வரணும்?" என்று கேட்பாள். யாராவது வர வேண்டியிருந்தால் கட்டைவிரலை வைப்பாள். வந்து முகம் பார்த்ததும் எடுத்துவிடுவாள், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல். எடுக்கத் தெரிந்ததால்தான் வைத்தாள். டாக்டர்கள் அதைக் குளுக்கோஸ் ஏற்றுவதைப்போல எடுத்துக்கொண்டார்கள்.

பக்கவாதம் வந்து அப்பாவை அதே வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். நூல்போல ஓடியது. எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டாள். "யார் வரணும்ப்பா?"

அவர் கோணிய வாயால் மெதுவாகப் பேசினார். "ஹேர்பின் கீறல். அன்னிக்கே பார்த்தேன். அவதான் திறந்தான்னு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா பேசல?"

"அவ மேல கோவிச்சுக்க முடியுமா? நீதான் இருந்தே."

கட்டைவிரல் அவர் தோலுக்கு மேலே ஒரு அரிசி உயரத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். யாரும் வர வேண்டாம், வர வேண்டியவள் வந்தாயிற்று என்றார். மகள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மூன்று விரலால் எண்ணினாள், எண்ண ஒன்றும் இல்லாமல் போகும்வரை. நேரத்தை எழுதி வைத்தாள்.

பக்கத்துக் கட்டில் கிழவிக்கு மகன் வர வேண்டும், வழியில் பஸ் பஞ்சர். டாக்டர் போனில் அவனிடம் அவசரப்பட வேண்டாம், ஆனால் சிஸ்டருக்கு எட்டு மணிக்கு டியூட்டி முடிகிறது, அதற்குள் வந்துவிடு என்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிழவியின் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்தாள்.