பலகையில் எழுதிய இருபத்து நான்கு

1

இந்தக் கதை ஒரு விடுப்புக் கடிதத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "குழந்தைகளைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிச் செல்வதால் 26, 27 இரண்டு நாள் விடுப்பு வேண்டுகிறேன்" என்று எழுதி, கீழே வேல்விழி என்று கையெழுத்து. நான் சித்ரகலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பதினோரு வருடத்தில் காய்ச்சல், வளைகாப்பு, காதுகுத்து, கருமாதி என்று எத்தனையோ லீவு லெட்டர் வாங்கியிருக்கிறேன். யானை பார்க்க என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதைக் கதையாக எழுதலாமே என்று தோன்றியது. லீவு கொடுக்கலாமே என்று தோன்றவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கானகத்தின் பச்சை இருளில் வேல்விழியின் குழந்தைகள் மூச்சடக்கி நின்றார்கள். தூரத்தில் மூங்கில் முறியும்

[நிறுத்திவிட்டேன். அவர்கள் இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நானும் காட்டைப் பார்த்தவளில்லை. மூங்கில் முறியும் சத்தம் எனக்கு எப்படித் தெரியும்?]

இரண்டாவது தொடக்கம், தெரிந்ததிலிருந்து:

வேல்விழி ஓவர்லாக் தையல் மிஷினில் பனியனுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டே மனதில் பட்டியல் போட்டாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, எங்கள் கம்பெனிக்கு ஆனி மாதம்தான் வந்து சேர்ந்தாள். கணவன் முனீஸ் வேறொரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். மகள் தர்ஷினி ஐந்தாம் வகுப்பு, மகன் கபிலேஷ் ஒன்றாம் வகுப்பு. காலாண்டு விடுமுறைக்குள் பூங்கா இருக்கும் டாப்சிலிப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்துவிட வேண்டும். கபிலேஷுக்கு மலை ஏறினால் வாந்தி வரும், ஆகவே எலுமிச்சம்பழம் இரண்டு, ஜன்னலோர இடம். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கை விடமாட்டார்கள் என்று முனீஸ் கேட்டு வந்து சொன்னதால் எவர்சில்வர் பாட்டில். காட்டுக்குள் பளிச்சென்று உடுத்தக் கூடாதாம். அதற்காகக் காதர்பேட்டை ஜவுளிக் கடைகளில் அரை நாள் அலைந்து, சாணிப் பச்சையில் நாலு டீ-ஷர்ட் எடுத்தாள். யானை கண்ணில் படாவிட்டால் கபிலேஷ் அழுவான். அதற்கு மட்டும் அவளிடம் வழி இல்லை.

[குறிப்பு: டீ-ஷர்ட்டைச் சிவப்பாக மாற்ற எனக்குக் கை அரித்தது. செக்போஸ்ட்டில் தடுப்பார்கள், நீங்கள் சிரிப்பீர்கள், கதை ஓடும். ஆனால் அவள் அப்படிப்பட்ட அசடு இல்லை. அவள் செய்த தப்பு வேறு.]

3

இத்தனையும் விசாரித்துச் செய்தவள் தேதியை எங்கிருந்து எடுத்தாள்?

எங்கள் ஊரில் கல்யாணமோ கெடாவெட்டோ, எதையும் சரக்கு ஷிப்மெண்ட் போய் முடிந்த பிறகுதான் வைப்பார்கள். பஞ்சாங்கம் அதற்கு அடுத்தபடி. எங்கள் தையல் லைனுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் 'ஷிப்மெண்ட் 24' என்று இருந்தது. ஒரு நாள் மூச்சு விட இடைவெளி வைத்து, 26ஆம் தேதிக்கு வேல்விழி அறை பதிவு செய்தாள்.

தர்ஷினி ஏற்கெனவே மூன்று முறை 'அடுத்த லீவுக்குப் போலாம்' என்ற பதிலையே வாங்கி, கடைசியில் கேட்பதையே விட்டிருந்தாள். இந்த முறை வேல்விழி பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினாள். மகள் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எழுதியே போட்ருக்காங்களாம்மா? அப்ப நெசந்தான்."

அதன் பிறகுதான் காலண்டரில் வட்டம் போட்டாளாம்.

இப்போது தப்புக்கு வருகிறேன். பலகையில் இருக்கும் தேதி பொய். உண்மைத் தேதியிலிருந்து ஐந்து நாள் குறைத்துப் போட வேண்டும் என்பது எங்கள் மேனேஜர் பூபாலனின் சட்டம். இல்லாவிட்டால் ஆட்கள் ஆற அமரத் தைப்பார்களாம். இந்த ஆர்டர் 29ஆம் தேதிதான் கிளம்ப வேண்டும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் இது அத்துபடி. ஐந்தைக் கூட்டிக்கொண்டுதான் அவர்கள் பலகையைப் படிப்பார்கள். வேல்விழி முன்பு வேலை பார்த்தது வீட்டோடு சேர்ந்த சின்ன யூனிட்டில், அங்கே பலகையே கிடையாது. செக்கிங்கில் இருக்கும் மூக்கம்மாள் விஷயம் கேள்விப்பட்டதும், பலகையை நம்பியா புள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஏனென்றால் பலகையில் எழுதுவது நான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். ஒரு ஷிப்மெண்டுக்கு எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. கதை எழுத வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பதினோரு வருடமாகப் பலகையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல. இத்தனை நாளில் அதை நம்பிப் படித்தவள் இவள் ஒருத்திதான்.

4

நேற்று 24. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேல்விழி கடிதத்தோடு வந்தாள். இன்னும் மூவாயிரம் பீஸ் பாக்கி.

"அக்கா, பலகைல இருபத்தி நாலுன்னுதான இருந்துச்சு?"

அடுத்த வரியை முதலில் இப்படி எழுதினேன்: சூப்பர்வைசரின் கண்கள் கலங்கின. அவள் வேல்விழியின் கையைப் பற்றி

[இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.]

"ஷிப்மெண்ட் முடியட்டும் கண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன். தேதி பொய் என்று சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு லைன் முழுக்க என் முகத்துக்கு நேராகக் கேட்குமே என்று பயம். அவள் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன்.

"பிள்ளைககிட்ட நாந்தான் தேதிய தப்பாப் பாத்துட்டம்னு சொல்லிக்கிடுதேங்க்கா" என்றாள். "நாளைக்கு மத்தியானம் ஒருக்கா வந்து கேக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

5

முடிவுகள் கைவசம் மூன்று உண்டு.

ஒன்று: அவர்கள் போகிறார்கள். சாணிப் பச்சையில் நாலு பேரும் வரிசையாக நிற்க, யானை குட்டியோடு ரோட்டைக் கடக்கிறது. இதை எழுத எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதிப் போடுவதில் என் கை ஏற்கெனவே நன்றாகப் பழகியிருக்கிறது.

இரண்டு: போகவில்லை. கபிலேஷ் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கிறான். யதார்த்தம் என்று பாராட்டுவார்கள். பத்திரிகைக்கு அனுப்பினால் வந்தாலும் வரும்.

மூன்று: எங்கள் லைனில் ஓவர்லாக் ஒன்று நின்றால் அடுத்திருக்கும் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே அவள் மிஷினில் யாராவது உட்கார வேண்டும். சூப்பர்வைசர் ஆவதற்கு முன் ஆறு வருடம் நான் ஓவர்லாக் டெய்லர். கை இன்னும் மறக்கவில்லை. இரண்டு நாள் நான் உட்காரலாம். ஆனால் பூபாலன் வந்து, ஏனுங்க சித்ரகலா, நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கறீங்க என்று கேட்பார். நாம் எழுதிய தேதியை ஒருத்தி நம்பிவிட்டாள் என்று நாலு பேர் காதுபடச் சொல்ல வேண்டும். பலகை அன்றோடு செத்துப் போகும். என் வேலையும் போகலாம். எழுதினால் இது நல்ல முடிவு. செய்வதுதான் கஷ்டம்.

6

இன்று 25. காலை டீ நேரத்தில் எழுத ஆரம்பித்த கதை, சாப்பாட்டு நேரத்தில் இங்கே வந்து நிற்கிறது. மணி ஒன்று ஆகப் போகிறது. வேல்விழி சாப்பிட்ட தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டு வருகிறாள். வந்து கேட்பாள் என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறேன்.

அவள் என் மேஜையைத் தாண்டிப் போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. நேரே மிஷினில் உட்கார்ந்து அடுத்த துணிக்கட்டைப் பிரிக்கிறாள்.

நான் எழுந்து போய் அவளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேனா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் அவள் நம்பிவிடுவாள்.