ஊன்றிய கால்

தாமரைக்கு மலரின் முட்டி வேண்டும். கோப்பை, மெடல், பேப்பரில் படம் எதுவும் வேண்டாம். காப்பார் ஊர்ப் பெண்கள் கபடிக் குழுவில் அவள் மறுபடி வந்து சேர்ந்ததே அதற்காகத்தான் என்று தெரிந்திருந்தால், கோச் பழனியப்பன் அவளைப் பாயில் கால் வைக்கவே விட்டிருக்க மாட்டார்.

போன வருடப் போட்டியும் கிள்ளானில் இதே மண்டபத்தில்தான் நடந்தது. பண்டமாரான் அணிக்கு எதிரே தாமரை ரெய்டு போனாள். எதிரணி மூலையில் நின்ற மலர் பாய்ந்து வந்தாள். தப்பிக்கத் தாமரை சட்டென்று திரும்பினாள். இடது முட்டிக்குள் கொட்டாங்குச்சி உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம் ஆபரேஷன், ஊன்றுகோல். கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை; நிற்க முடியாதவளை முதலாளி எத்தனை நாள் வைத்திருப்பான்? வேலை போனது. தம்பி பெண்டாட்டி முகத்தைத் தூக்கிக்கொண்டு போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு, மலர் தள்ளினாள், மலர்தான் தள்ளினாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் மீனலோசனி என்ற பிசியோதான் அவளை மறுபடி நடக்க வைத்தது. மெதுவாகப் பேசுவாள், இரக்கமே இல்லாமல் மடக்குவாள். வலி தாங்காமல் தாமரை அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டியதும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் சின்னப் படி ஒன்றை வைத்து, நல்ல காலால் இறங்கச் சொன்னாள். நல்ல காலின் முட்டியும் உள்பக்கமாகச் சாய்வதைத் தாமரை தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"முட்டிக்கு சொந்த புத்தி கிடையாது, தாமரை. மேல இடுப்பு சொல்றதையும் கீழ பாதம் சொல்றதையும்தான் கேட்கும். உங்க இடுப்பு வீக். காலை ஊனி வேகமா திரும்பினாலே இது உள்ள விழுந்துடும். யாரும் தொடவே வேணாம்."

"அவ தள்ளினா," என்றாள் தாமரை.

மீனலோசனி வாதாடவில்லை. இடுப்புக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். தாமரையும் ஏமாற்றாமல் செய்தாள். தொடையில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தாள், ஒற்றைக் காலில் நின்றே பல் துலக்கினாள். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கியது. அதோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஆனால் அவள் பாடத்தைத் தலைகீழாகவும் படித்துக்கொண்டாள். முட்டியை எது காக்கும் என்று தெரிந்தவளுக்கு அதை எது உடைக்கும் என்றும் தெரியுமே. கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், உடம்பின் எடை மொத்தமும் அதன் மேல் நிற்க வேண்டும், வெளிப்பக்கத்திலிருந்து ஒரு தோள் வந்து மோத வேண்டும். அவ்வளவுதான்.

இன்று ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அடிதடிக்குக் குறைவில்லை. காப்பார் பெண் ஒருத்திக்கு உதடு கிழிந்தது. பண்டமாரான்காரி ஒருத்தியைத் தாமரை இடுப்போடு தூக்கிப் பாயில் அறைந்ததில் அவளுக்கு மூச்சே நின்று வந்தது. கூட ஆடுகிற லோகேஸ்வரி பக்கத்தில் வந்து, ரிலேக்ஸ் லா, கார்டு வாங்கிறாதே என்று முணுமுணுத்தாள். தாமரை தலையை ஆட்டினாள், கேட்கவில்லை. வாய்க்குள் ரத்தம் கரித்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மலர் ரெய்டு வந்தாள். போனஸ் புள்ளி வேண்டுமென்றால் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றும்போது மற்றக் காலைத் தூக்கியிருக்க வேண்டும். அந்தக் கணம் மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் நிற்கும். மலரின் இடப்பக்க மூலையில் தாமரை அதற்காகவே காத்திருந்தாள். மலரின் இடது கால் கோட்டைத் தாண்டி இறங்கியது. அப்போது அந்த முட்டி லேசாக உள்ளே சாய்வதைத் தாமரை பார்த்தாள். கண்ணாடியில் பார்த்த அதே சாய்வு. கணுக்காலைப் பிடித்திருந்தால் போதும், புள்ளி கிடைத்திருக்கும். அவள் தோளைத் தாழ்த்தி முழு வேகத்தில் முட்டியின் மேல் மோதினாள்.

அந்தச் சத்தம் வந்தது.

மலர் அலறியது கூரை வரை போனது. நடுவர் விசில் ஊதிக் காப்பாருக்குப் புள்ளி கொடுத்தார். பார்த்தவர்களுக்கு அது சாதாரணப் பிடிதான். பண்டமாரான் பெண்கள் அப்படி விடவில்லை. ஒருத்தி தாமரையின் கூந்தலைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தாமரை திருப்பி அடிக்கவில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்டது கையில் கிடைத்திருந்தது, அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அவங்கள விடுங்க," என்று மலர் கீழே கிடந்தபடியே கத்தினாள். "அவங்க மேல தப்பில்ல. நான்தான் காலை தப்பா வெச்சுட்டேன்."

பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. தாமரை அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். மலர் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்து, பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அன்னைக்கு உங்களுக்கும் இந்த சத்தம்தானே? நான் உங்கள தொடக்கூட இல்லக்கா. எட்டுறதுக்குள்ள நீங்க விழுந்துட்டீங்க. அந்த சத்தம் எனக்கு கனவுல எல்லாம் வரும்." மூச்சு வாங்கினாள். "போர்ட்ல கிடங்கு வேலைக்கா எனக்கு. நின்னுக்கிட்டேதான் பார்க்கணும். எப்ப நிக்க முடியும்?"

பதில் தாமரைக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தவள், அதை விட்டு, மீனலோசனி செய்வதுபோல முட்டிக்கு அடியில் கையைக் கொடுத்து, அசையாமல் ஏந்திக்கொண்டாள். அது அவள் உள்ளங்கையில் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.