பத்திரிகையில் கொலையுண்ட டோர்கஸ்

புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் லண்டனுக்கு வெளியே கிரேவ்சென்ட் ஊரிலிருக்கும் அக்கா வீட்டுக்கு டோர்கஸ் வந்து ஐந்து நாளாகியிருந்தது. அன்று காலை அக்கா வாங்கி வந்த பத்திரிகையை அவள் பிரித்தாள்.

"லண்டனில் கோரம்! மனைவியைக் கண்டதுண்டமாக வெட்டிய தோல் தொழிலாளி!"

கீழே படம் வேறு. அவள் புருஷன் ஏபல் கத்தியோடு நிற்க, அவன் காலடியில் டோர்கஸ் கிடந்தாள். ஐந்து நாளாக அவளைக் காணவில்லை, அவன் சட்டையில் ரத்தம் இருந்தது என்று செய்தி சொன்னது. போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"பச்சைத்தோல் சுரண்டுற மனுஷன் சட்டையில ரத்தம் இல்லாம பன்னீரா இருக்கும்?" என்று கத்திக்கொண்டே டோர்கஸ் ரயிலுக்கு ஓடினாள்.

பெட்டியில் எதிரே இருந்த பெண் அதே படத்தைப் பார்த்து, "மூஞ்சியைப் பாரு, கொலைகாரன் மூஞ்சி" என்றாள்.

"அந்த மூஞ்சிக்குக் கோழி அறுக்கக்கூட தைரியம் கிடையாது" என்றாள் டோர்கஸ்.

காவல் நிலையத்தில் சார்ஜென்ட் பெயர் கேட்டார்.

"டோர்கஸ் டிபெட்."

"அவ செத்துட்டாளேம்மா."

"செத்தவதான் வந்திருக்கேன். என் புருஷனை விடுங்க."

அவளைக் கண்டதும் ஏபல் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? ஒரு வரி எழுதி வெச்சிட்டுப் போகக் கூடாதா?"

"எழுதினா உனக்குப் படிக்கத் தெரியுமாய்யா?"

அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் டோர்கஸுக்கு மூச்சே சீராக வந்தது.