கட்டாய ஞாயிறு

மேல் பொத்தானைப் போட்டதும் சட்டைக் கழுத்து அமிர்தசாமியின் தொண்டையைத் தொடாமல் வளையமாக நின்றது. மனைவி லூர்துராணி இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்குத் தைத்தபோது இறுக்கிப் பிடித்த சட்டை.

"கோயிலுக்குப் போட்டுக்கிட்டுப் போயிருந்தாத்தானே உடம்புல படியும்!" என்றாள் வியாகுலம்மாள், செத்தவரின் அக்காள். "ஒரு வருசமா பூசையே கிடையாது. ஞாயித்துக்கிழமையும் பொன்மலைக்கு ஓடினான். பொண்டாட்டி சொகமா உட்கார்ந்து சாப்பிட வேணாமா?"

 போன வருஷம் வரை லூர்து உறையூர்க் கொட்டகையில் சுருட்டுச் சுற்றினாள். புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி, இருமி இருமி விலா வலிக்கும். ஒரு நாள் அமிர்தசாமி ஜிலேபிப் பொட்டலத்தோடு பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து வந்தார்.

"சம்பளம் கூட்டிட்டான். நாளையிலேருந்து நீ கொட்டகைக்குப் போகாதே" என்றார். அப்புறம், போகிறபோக்கில், "ஆனா ஞாயித்துக்கிழமை வேலையும் கட்டாயமாம். யுத்தம் பாரு."

"உங்க யுத்தத்துக்கு ஒரு நாள் லீவு கிடையாதா?" என்று ஒரு முறை சீறினாள்.

"ஹிட்லரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சிரித்தார்.

அவள் இருமல் நின்றது. அவர் இளைத்தார். அவள் பட்டறையைச் சபித்தாள். நேற்றுச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கை கழுவக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

கூட வேலை செய்யும் ரங்கசாமி மாலையோடு வந்தார். கால்மாட்டில் வைத்துவிட்டு லூர்துவிடம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன் தங்கச்சி. ஏழு நாளும் உடம்பு தாங்காதுடா, ஞாயித்துக்கிழமைக்குப் பேர் கொடுக்காதேன்னு."

"பேர் கொடுக்கிறதா? கட்டாயம்னு சொன்னாரேண்ணே."

"என்ன கட்டாயம்? நானெல்லாம் வீட்டுலதான் கிடப்பேன். இஷ்டப்பட்டவங்க சனிக்கிழமையே பேர் கொடுக்கணும். இவன்தான் முதல் ஆளு."

"சம்பளம் கூட்டினப்புறமும் எதுக்கு..."

"பிட்டருங்களுக்குக் கூட்டினாங்கம்மா. எங்களை மாதிரி கூலியாளுக்கு ஏது?"

சொன்ன பிறகுதான் ரங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

வியாகுலம்மாளின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. "அடப்பாவி" என்றாள், யாரை என்று இல்லாமல். பிறகு நகர்ந்து வந்து லூர்துவின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

கோயில் உபதேசியார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாமியார் கல்லறைத் தோட்டத்துல காத்திருக்காரு. தூக்கலாமா?"

"கொஞ்சம் இருங்க." லூர்து அவர் சட்டைக் கழுத்தை நீவிவிட்டாள். "ஒரு நாளாவது படுத்திருக்கட்டும்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தூக்க வந்த நால்வரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். வெயில் சாயச் சாய நிழல் நகர்ந்தது. அவர்களும் நிழலோடு கூடவே நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.