ஓரக் குழி

குளிர்காலத்தில் உறைந்துபோகும் எங்கள் பெய்ப்சி ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கிறவர்கள் பனித்தட்டின் மேல் நிற்கும்போது ‘கடைசி’ என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். எல்லாம் ‘ஓரம்’தான். ஓர மீன், ஓரக் கோப்பைத் தேநீர். வரிசையாகத் துளைத்த குழிகளில் கரையிலிருந்து எல்லாவற்றிலும் எட்டத்தில் இருப்பது ஓரக் குழி. கடைசி என்று சொன்னால் ஏரி காதில் வாங்கி அப்படியே ஆக்கிவிடும் என்று பயம். நான் அந்தக் கரையிலேயே பிறந்தவள். எனக்கும் நாக்கு அப்படித்தான் பழகியிருந்தது.

அது ஒரு மார்ச் மாதக் காலை. கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று மேற்கிலிருந்து வெதுவெதுப்பாக வந்தது. அது பனித்தட்டை எங்கள் கரையிலிருந்து பிய்த்து ஏரிக்குள் தள்ளுகிற காற்று.

என் கணவர் ஸினோவி மேசைமேல் தூண்டில்களைப் பரப்பியிருந்தார். அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கிப்போனதால் முடிச்சுப் போடுவது என் வேலை.

“இன்னிக்கு வேணாமே” என்றேன்.

“வேணாம்னா விடு. நான் பல்லால கட்டிக்கறேன்.”

“இருக்கறதே நாலு பல்லு.”

“நாலும் உன் ரொட்டிக்குத் தப்பிச்சு நிக்குது. சும்மா கட்டு, உஸ்தியா.”

கட்டினேன். பின்னல் நூல் தண்ணீரைக் குடித்துக் கம்பிபோல் உறைந்துவிடும், அதனால் தங்கூஸ் என்கிற நைலான் நரம்புதான். முதலில் அதன் அடிமுனையைக் கோலிலிருக்கும் சுருளோடு சேர்த்துக் கட்டினேன். அதைப் பலர் செய்வதில்லை, பெரிய மீன் இழுத்தால் முழு நரம்பும் போய்விடும். மறுமுனையில் ஈயமீன். விரல் நீளம், முதுகில் வளையம், தண்ணீருக்குள் நிஜ மீன்போலப் படுக்கைவாட்டில் தொங்கும். வளையத்தை ஒட்டி இறுக்கினால் அது ஆடாது. சிறு கண்ணி விட்டு, முடிச்சை எச்சிலில் நனைத்து, மெதுவாக இழுத்தேன். நனைக்காமல் இழுத்தால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே அறும். கொக்கியில் என் சால்வையிலிருந்து பிய்த்த சிவப்புக் கம்பளியைக் கொஞ்சம் சுற்றினேன். பெர்ச் மீனுக்குச் சிவப்பைக் கண்டால் பொறுக்காது. குட்டைக் கோலின் நுனியில் ஒரு மெல்லிய எஃகுப் பட்டை இருக்கும். நாங்கள் அதைத் தலையாட்டி என்போம். மீன் தொட்டால் அது தலையாட்டும்.

அவருடைய தம்பி யெவ்சேய் தன் கரகாத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். பழைய டிராக்டர் உறுப்புகளை வைத்து அவனே செய்த வண்டி. லாரி டியூப்தான் சக்கரம். பின்னால் அலுமினியப் படகும் ஒரு நீளப் பலகையும் கட்டியிருந்தான். பாதி வழியில் ஒரு பழைய வெடிப்பின் முன் நிறுத்திவிட்டான்.

“இதுக்கு மேல என் வண்டி வராது” என்றான்.

“வண்டி வரும். ஓட்டறவனுக்குத்தான் தொடை நடுங்குது” என்றார் ஸினோவி.

“ஆமா, நடுங்குது. போறவங்க போங்க.”

நாங்கள் வெடிப்பைத் தாண்டிப் போனோம். அது அப்போது ஓர் எட்டு அகலம்கூட இல்லை. ஸினோவி குழிகளைத் துளைத்துக்கொண்டே போக, நான் முதல் குழியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மூடுபனி இறங்கி அவரை மறைத்தது. துரப்பணத்தின் சத்தம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

தலையாட்டி குனிந்தது. மீன் என்று வெட்டி இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இறக்கினேன். மறுபடி குனிந்தது. ஆடவில்லை, குனிந்தபடியே நின்றது. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். நேராகத் தொங்கவேண்டிய நரம்பு சாய்ந்து குழியின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது.

கைபேசியில் அவரை அழைத்தேன். “நரம்பு சாயுது.”

“நீரோட்டம்.”

“இங்க ஏது நீரோட்டம்?”

“அப்ப மீன் உன்னக் கட்டி இழுக்குது. விடு, கரையில கொண்டுபோய்ச் சேக்கட்டும்.”

ஈயமீனை ஏரியின் அடித்தரைவரை இறக்கிப் படுக்கவைத்தேன். அது அங்கேயே கிடக்க, என் சுருளிலிருந்து நரம்பு தானாகக் கழன்று போயிற்று. தண்ணீர் ஓடவில்லை. நான் உட்கார்ந்திருந்த பனி ஓடிக்கொண்டிருந்தது.

“தரையில போட்டுப் பாத்தேன் ஸினோவி. போய்க்கிட்டே இருக்கு.”

அவர் சிரிப்பில்லாத குரலில், “எதையும் எடுக்காத. யெவ்சேய்கிட்ட போ. நான் பின்னாலேயே வரேன்” என்றார்.

காலையில் தாண்டிய வெடிப்பு இப்போது கறுப்புத் தண்ணீராக அகன்றிருந்தது. மறுபக்கம் யெவ்சேய் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். அதன் முனை எங்கள் பக்கத்தை மயிரிழையில் பற்றியது.

“அண்ணி, கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க.”

“உன் மூஞ்சியப் பாத்தா இன்னும் பயமா இருக்கு.”

தவழ்ந்து போனேன். பாதியில் பலகை வழுக்கியது. அவன் என் சால்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். பலகை தண்ணீரில் விழுந்தது.

அவன் மீட்புக்காரர்களுக்குச் சொல்லி முடிக்கும்போது என் கைபேசி அடித்தது. ஸினோவி. “நான் ஓரத்துல நிக்கறேன். யெவ்சேயப் படகோட அனுப்பு” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவர் பக்கம் அடங்கிவிட்டது. குளிரில் பேட்டரி செத்திருக்க வேண்டும்.

“ஓரத்துலன்னா ஓரக் குழிதான்” என்றான் யெவ்சேய். “முட்டி வலியில அங்கேயே உக்காந்துட்டான் மாடு.” எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எப்படி நினைப்போம்? அவன் படகைத் தண்ணீரில் தள்ளி, அந்தப் பக்கம் ஏறி, படகை இழுத்துக்கொண்டு குழிகளின் வரிசையோடு மூடுபனிக்குள் ஓடினான்.

என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லியிருந்தான். இருக்க முடியவில்லை. விளிம்பையொட்டி வடக்கே நடந்தேன். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தண்ணீர் அகன்றிருந்தது. அப்போது பனிமேட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ரத்தம் என்று நினைத்து ஓடினேன். கிட்டே போனால் கம்பளி. என் சால்வைக் கம்பளி. ஈயமீன் மேட்டில் கொக்கி மாட்டிக் கிடந்தது. அதிலிருந்து நரம்பு தண்ணீருக்கு மேலாக மூடுபனிக்குள் விறைப்பாக நீண்டிருந்தது.

அவர் குழியில் இல்லை. மூடுபனியில் வழி தவறி வடக்கே விலகி, பனியின் ஓரத்துக்கே வந்து நின்றுதான் பேசியிருக்கிறார். இடம் தவறிப்போகாமல் இருக்க, எங்கள் பக்கப் பனி எட்டும்போதே ஈயமீனை வீசி மாட்டியிருக்கிறார்.

மண்டியிட்டு நரம்பைப் பிடித்தேன். “கிழவா, நீதானா?”

காற்று என்னிடமிருந்து அவர் பக்கம் வீசியது. என் குரல் அவருக்குப் போகும், அவருடையது எனக்கு வராது. நரம்பு என் விரலில் ஒருமுறை சுண்டியது.

“காலு நனைஞ்சுடுச்சா?”

சுண்டவில்லை. கொஞ்சம் கழித்துச் சுண்டியது.

“யெவ்சேய் ஓரக் குழிக்குப் போயிட்டான். கூப்பிடறேன். விளிம்ப விட்டுத் தள்ளி நில்லு, கேக்குதா?”

சுண்டியது.

யெவ்சேயை அழைத்தேன். மூச்சிரைத்தது அவனுக்கு.

“திரும்பி வா, அவர் ஓரத்துல இருக்காரு.”

“ஓரத்துக்குத்தானே அண்ணி போய்க்கிட்டிருக்கேன்.”

“அந்த ஓரம் இல்லடா. தண்ணி ஓரம்.”

“எந்த ஓரம்? என்ன சொல்றீங்க?”

“கடைசிக் குழியில இல்ல” என்று கத்தினேன். “கடைசி. கடைசிக் குழியில இல்ல. என் எதிர்ல, ஐஸ் உடைஞ்ச எடத்துல நிக்கறாரு.”

அவன் காலடிச் சத்தம் நின்றது. அந்தச் சொல்லுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு பனியை அரைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நரம்பு என் விரல்களுக்குள் இறுகி இறுகித் தளர்ந்தது. அவர் சுருளை விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். ஓரிடத்தில் அது தளராமல் கம்பிபோல் நின்றுவிட்டது. நரம்பு தீர்ந்து அடிமுடிச்சுக்கு வந்துவிட்டது. நான் போட்ட முடிச்சு. பிடித்துக்கொண்டே விளிம்புவரை போனேன். “வரான், வந்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் சுண்டிக்கொண்டே இருந்தார்.

எதிரில் கண்ணாடி விரிசல் விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. நரம்பு ஒருமுறை பலமாக வெட்டி இழுத்தது. அவர் சுண்டியது இல்லை அது. பிறகு தளர்ந்தது.

இழுத்தேன். கனமாகத்தான் வந்தது. அந்தக் கனத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன். தண்ணீரிலிருந்து கோல் மட்டும் ஏறி வந்தது. சுருள் வெறுமையாக இருந்தது. அடிமுடிச்சு அவிழவில்லை.

யெவ்சேய் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது விளிம்பில் புதிதாக உடைந்த ஒரு வளைவும் அவருடைய மீன் பெட்டியும் இருந்தன. பனி உருகி ஏரி திறந்த பிறகு, மே மாதத்தில் அவர் கிடைத்தார்.

நான் அந்தச் சொல்லைச் சொன்னதால்தான் என்று எங்கள் தெருவில் ஒருத்தி பேசியதாகக் கேள்விப்பட்டேன். யெவ்சேய் அவள் வீட்டு வாசலில் போய் நின்று என்ன பேசினான் என்று தெரியாது.

அடுத்த குளிர்காலம் அவன் தூண்டில்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கட்டிக் கொடுத்தேன். நண்பகலில் கைபேசி அடித்தது. பின்னணியில் மற்றவர்கள் பேச்சு கேட்டது.

“அண்ணி, கடைசிக் குழியில இருக்கேன்” என்றான். பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. “கடைசிக் குழி. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றேன். “நரம்பு நேரா நிக்குதா?”

“நேராத்தான் நிக்குது.”

“இன்னொருக்கா பாத்துச் சொல்லு.”